மார்வெலை மீட்டது அயர்ன் மேன் அல்ல

மார்வெல் காமிக்ஸ் திவாலாகி மீண்ட கதை இன்று ஒரு நீதிக்கதை ஆகிவிட்டது. மேலாண்மை வகுப்பு, சுயமுன்னேற்றப் புத்தகம், ஞாயிறு இணைப்பிதழ் என எங்கே எடுத்தாலும் சொல்லும் விதம் ஒன்றுதான். தொண்ணூறுகளில் பிள்ளைகள் காமிக்ஸ் படிப்பதை விட்டார்கள், விற்பனை படுத்தது, 1996-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேறு வழியில்லாமல் ஸ்பைடர்மேனையும் எக்ஸ்-மென்னையும் ஹாலிவுட்டுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றது. கடைசியில் யாரும் சீந்தாத ஒரு நாயகனை நம்பி, இருந்ததையெல்லாம் பணயம் வைத்து ‘அயர்ன் மேன்’ எடுத்தது, படம் ஓடியது, கம்பெனி பிழைத்தது. கேட்கச் சுகமான கதைதான். துணிந்தவனுக்குத் தோல்வியில்லை என்று மேடையில் முடிக்க வசதியாகவும் இருக்கிறது. ஆனால் தேதிகளையும் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. மார்வெலைச் சாய்த்தது கடன். நிமிர்த்தியது ஒரு பொம்மைக் கம்பெனியின் உரிம ஒப்பந்தமும், கடன் கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியில் விட்டுக்கொடுத்ததும். சினிமா வந்து சேர்ந்தபோது நோயாளி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மீட்சியைத் தவறாகச் சொல்பவர்கள் எல்லாருமே வீழ்ச்சியையும் தவறாகத்தான் சொல்கிறார்கள். 1989 ஜனவரியில் ரெவ்லான் முகப்பூச்சு நிறுவனத்தின் அதிபரான ரொனால்ட் பெரெல்மன் மார்வெலை 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1991-இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பங்கின் விலை ஏறியது. ஏறிய விலையைக் காட்டிக் கடன் வாங்கி அடுத்தடுத்துக் கம்பெனிகளை வாங்கிக் குவித்தது மார்வெல். 1992-இல் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கும் ஃப்ளீர், சுமார் 28 கோடியே 60 லட்சம் டாலருக்கு. 1994-இல் இத்தாலியின் பனினி ஸ்டிக்கர் நிறுவனம். 1995-இல் ஸ்கைபாக்ஸ் என்ற இன்னொரு அட்டைக் கம்பெனி, சுமார் 15 கோடிக்கு. காமிக்ஸ் வெளியிடுவதற்கும் இவற்றுக்கும் இருந்த தொடர்பு காகிதம் ஒன்றுதான். 1994 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரே ரத்தானது. ரசிகர்கள் கசந்துபோனார்கள், அட்டை வியாபாரம் சரிந்தது. ஸ்பைடர்மேன் கதையில் ஒரு வரி பிசகாமல் இருந்திருந்தாலும் இந்த நட்டம் வந்தே தீர்ந்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 1993, 1994 ஆண்டுகளில் மார்வெலுக்கு மேலே அடுக்கி வைக்கப்பட்டிருந்த பெரெல்மனின் தாய் நிறுவனங்கள் மார்வெலின் பங்குகளை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு 55 கோடியே 35 லட்சம் டாலர் திரட்டின. அந்தப் பணம் மார்வெலின் கல்லாவுக்கு வரவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள், ஆனால் ஒழுகுகிற கூரைக்கு அதிலிருந்து ஒரு ஓடுகூட வாங்கவில்லை. மார்வெல் தன் பெயரில் வங்கிகளிடம் வாங்கியிருந்த கடன் தனி. அது 60 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1996-இல் நிறுவனம் காட்டிய நட்டம் 46 கோடிக்கு மேல். வாங்கிய விலையைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமான தொகையை ஒரே ஆண்டில் இழந்த கம்பெனியைப் பார்த்து, பிள்ளைகள் கதை படிப்பதை விட்டதால் விழுந்தது என்று சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

காமிக்ஸ் விற்பனை சரிந்தது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சரிந்தது எது என்று பார்க்க வேண்டும். 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஐந்து விதமான அட்டைகளுடன் வந்த அதை ஒரே ஆள் ஐந்தும் வாங்கினார், சிலர் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அதே ஆண்டின் ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ முதல் இதழ் பிளாஸ்டிக் உறையில் ஒட்டப்பட்டு, உள்ளே ஓர் அட்டையுடன் வந்தது. அட்டைகளும் பல வகை. உறையைப் பிரித்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும் என்பதால் படிக்க ஒரு பிரதி, பிரிக்காமல் பத்திரப்படுத்த இன்னொன்று என்று வாங்கினார்கள். பிரித்துப் படிக்கக் கூடாத புத்தகத்தை வாங்குகிறவரை வாசகர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? நிலம் வாங்கிப் போடுவதுபோல நாளை விலையேறும் என்று வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். 80 லட்சம் அச்சடித்த பொருள் அபூர்வமாக இருக்க முடியாது என்று உறைத்த நாளில் விலகிவிட்டார்கள். சரக்கு தேங்கி நூற்றுக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. இந்தச் சரிவு மார்வெலுக்கு மட்டும் வந்ததல்ல. டார்க் ஹார்ஸுக்கு வந்தது, மார்வெலை உதறிவிட்டுப் போன ஓவியர்கள் 1992-இல் தொடங்கிய இமேஜுக்கும் வந்தது. பெரிய குழுமத்தின் நிழல் இல்லாத அந்த இரண்டு கம்பெனிகளும் திவாலாகவில்லை. அவர்கள் எல்லாரையும்விடப் பெரிய மார்வெல் திவாலானது. சந்தை எல்லாருக்கும் ஒன்றுதான். தலையில் இருந்த கடன்தான் வேறு.

மார்வெல் தன் கையாலேயே தோண்டிக்கொண்ட குழியும் ஒன்று உண்டு. 1994 இறுதியில் ஹீரோஸ் வேர்ல்ட் என்ற சிறு விநியோக நிறுவனத்தை வாங்கி, இனி எங்கள் இதழ்கள் இதன் வழியாக மட்டுமே என்று அறிவித்தார்கள். நாடு முழுவதற்கும் சரக்கு அனுப்பும் வலு அந்தக் கம்பெனிக்கு இல்லை. கடைக்காரர்களுக்குக் கேட்ட இதழ் வரவில்லை, வந்த கட்டில் எண்ணிக்கை சரியாக இல்லை. போட்டியாளர்கள் எல்லாரும் டயமண்ட் என்ற விநியோகஸ்தரிடம் ஒதுங்கினார்கள். 1997-இல் மார்வெலும் அதே டயமண்டிடம் போய் நின்றது. இதற்கிடையே 1996 ஜனவரியில் 275 பேருக்கு வேலை போனது. அந்த ஆண்டு டிசம்பர் 27-இல் டெலாவேர் நீதிமன்றத்தில் திவால் மனு.

சினிமா காப்பாற்றியது என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். திரை வெளிச்சம்தான் மருந்து என்றால், அந்த வெளிச்சத்தில் இருந்தபோதே மார்வெல் ஏன் மூழ்கியது? 1992 முதல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் எக்ஸ்-மென் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, சனிக்கிழமைக் காலையில் அமெரிக்கப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட தொடர் அது. 1994-இல் ஸ்பைடர்மேன் தொடரும் சேர்ந்துகொண்டது. நாயகர்கள் முன்னெப்போதையும்விடப் பிரபலமாக இருந்த ஆண்டுகளில்தான் கம்பெனி கடனில் அமிழ்ந்தது. புகழ் தானாகப் பணமாகாது. எந்த ஒப்பந்தத்தின் வழியாக, யாருடைய பைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அந்த நாட்களில் தொடரைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகளின் பணம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் டாய் பிஸ்.

கதையின் உண்மையான திருப்பம் இங்கேதான். 1993-இல் மார்வெலும் டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. டாய் பிஸின் 46 சதவீதப் பங்கு மார்வெலுக்கு. அதற்கு ஈடாக மார்வெல் நாயகர்களைப் பொம்மையாக்கும் உரிமை டாய் பிஸுக்கு மட்டும், காலவரையறை இன்றி, ராயல்டி இன்றி. அன்று இதைப் பார்த்தவர்களுக்கு இது மார்வெலுக்கு லாபமான பேரமாகவே பட்டிருக்கும். ஆனால் திவால் நீதிமன்றத்தில் அந்த மூன்று நிபந்தனைகளும் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டன. மார்வெலை வேறு யார் வாங்கினாலும் அதன் மிகப்பெரிய வருமான வழிகளில் ஒன்றான பொம்மையிலிருந்து ஒரு காசு ராயல்டி கேட்க முடியாது. மறுபக்கம், திவால் சட்டத்தின்கீழ் இத்தகைய ஒப்பந்தங்களை உதறிவிடக் கேட்க வழி உண்டு. அப்படி உதறப்பட்டால் டாய் பிஸுக்குக் கடையே இல்லை. ஆகவே டாய் பிஸை நடத்திய ஐசக் பெர்ல்மட்டரும் அவி அராடும் வேடிக்கை பார்க்க முடியாத இடத்தில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு மார்வெல் ஒரு முதலீடு, இவர்களுக்குப் பிழைப்பு.

நீதிமன்றத்தில் நடந்தது ஒன்றரை ஆண்டு இழுபறி. பெரெல்மன் 36 கோடியே 50 லட்சம் டாலர் போடுகிறேன், புதிய பங்குகளைக் கொடுத்து என்னையே உரிமையாளராக வைத்திருங்கள் என்றார். அந்தத் திட்டப்படி தாய் நிறுவனங்களின் கடன் பத்திரத்தை வாங்கியிருந்தவர்களின் ஈடு ஏறக்குறைய வெற்றுத்தாளாகும். அந்தப் பத்திரங்களை அள்ளி வைத்திருந்த கார்ல் ஐகான் எதிர்த்து நின்று, 1997 ஜூனில் இயக்குநர் குழுவையே கைப்பற்றினார். வங்கிகளுக்கு அவரையும் பிடிக்கவில்லை. ஆண்டு இறுதியில் நீதிமன்றம், முன்னாள் கூட்டாட்சி நீதிபதி ஜான் கிப்பன்ஸை நிர்வாகப் பொறுப்பாளராக நியமித்தது. அராட் வங்கியாளர்களிடம் போய், ஸ்பைடர்மேன் ஒருவரே நூறு கோடி டாலர் பெறுவார், கிடைத்ததை வாங்கிக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள் என்று வாதாடினார். வங்கிகள் கடைசியில் டாய் பிஸ் திட்டத்துக்கு இணங்கின. பாக்கியில் ஒரு பகுதி ரொக்கம், மீதிக்குப் புதிய நிறுவனத்தில் முன்னுரிமைப் பங்கு. 1998 ஜூலையில் நீதிமன்றம் திட்டத்தை உறுதி செய்தது. அக்டோபர் 1-ஆம் தேதி மார்வெலும் டாய் பிஸும் இணைந்து மார்வெல் என்டர்பிரைசஸ் ஆயின. சிறியது பெரியதை விழுங்கியது.

இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்வெல் நாயகனை வைத்து முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க அளவில் ஓடிய படம் ‘பிளேட்’. அது வெளியானது 1998 ஆகஸ்டில். திட்டம் உறுதியானபோது அந்தப் படத்துக்கு ஒரு டிக்கெட்கூட விற்றிருக்கவில்லை. சினிமா நம்பிக்கை பேச்சுவார்த்தையில் இருந்தது என்று சொல்லலாம், அராடின் வாதத்திலேயே அது இருந்தது. ஆனால் நம்பிக்கையை ஈடாக வைத்து மட்டும் வங்கி கடனைக் குறைப்பதில்லை. அவர்கள் கைக்கு வந்தது ரொக்கமும் பங்கும். வங்கிகள் விட்டுக்கொடுத்த தொகை, பழைய பங்குதாரர்கள் இழந்தது, பறிபோன வேலைகள் எல்லாமே இந்த மீட்சியின் விலைதான். மார்வெலின் மூத்த எழுத்தாளர் ஸ்டான் லீயின் ஆயுட்கால ஒப்பந்தமும் திவாலில் செல்லாததாகி, புதிதாக எழுத வேண்டி வந்தது. படங்களின் லாபத்தில் பங்கு கேட்டு அவர் 2002-இல் தன் பழைய நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். 2005-இல் ஒரு கோடி டாலரில் அது முடிந்தது. துணிச்சல் கதையில் இவர்களுக்கு இடம் கிடையாது.

அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். திவாலானதால் பட உரிமைகளை விற்க நேர்ந்தது என்பார்கள். ஸ்பைடர்மேன் பட உரிமை முதலில் கேனன் நிறுவனத்துக்குப் போனது 1985-இல். ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் நிறுவனத்துக்குப் போனது 1986-இல். எக்ஸ்-மென்னை ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது திவால் மனுவுக்கு முன்பு. மனுவுக்குப் பிந்திய பெரிய விற்பனை 1999-இல் சோனியுடன் நடந்த ஸ்பைடர்மேன் ஒப்பந்தம். அதிலும் மார்வெல் செய்தது, கைமாறிக் கைமாறிப் பல கம்பெனிகளின் வழக்குகளில் சிக்கிக் கிடந்த ஓர் உரிமையை மீட்டு எடுத்து, படம் எடுக்க வலுவுள்ள ஒருவரிடம் ஒப்படைத்தது. திவால் வழக்குகளின் ஊடாகத்தான் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் செலவும் ஆபத்தும் சோனிக்கு, மார்வெலுக்குச் சில்லறைப் பங்கு என்பது உண்மை. ஆனால் கையில் காசில்லாத கம்பெனி பத்துப் பதினைந்து கோடி டாலர் செலவில் சொந்தமாகப் படம் எடுத்திருக்க வேண்டும் என்பவர்கள் 1999-இன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு 12 சதவீத வட்டிக்கு 25 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் மூச்சு விட்டார்கள். ஃப்ளீரையும் ஸ்கைபாக்ஸையும் சேர்த்து விற்றதில் கிடைத்தது 2 கோடியே 60 லட்சம். வாங்கிய விலை இரண்டுக்கும் சேர்த்து 43 கோடிக்கு மேல்!

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் பிழைத்தது வேறு, லாபத்தில் நிமிர்ந்தது வேறு. நிமிர்த்தியது 2000-இன் ‘எக்ஸ்-மென்’ படமும் 2002-இன் ‘ஸ்பைடர்மேன்’ படமும்தானே என்பது அது. ‘எக்ஸ்-மென்’ 2000 ஜூலையில் வந்தது, உலகெங்கும் சுமார் 30 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டு மார்வெல் காட்டிய நட்டம் ஏறத்தாழ 9 கோடி. ஆண்டு முடிவில் பங்கின் விலை 2 டாலருக்கும் கீழே. படம் ஓடுவதும் கம்பெனி பிழைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஸ்பைடர்மேன் படத்தின் பங்கு பெரியது, ஒத்துக்கொள்கிறேன். 82 கோடி டாலர் வசூலித்த படம் அது. ஆனால் மார்வெலுக்குப் பெரும்பணம் வந்தது தியேட்டரிலிருந்து அல்ல. பொம்மைக் கடை, சட்டை, பள்ளிக்கூடப் பை, வீடியோ கேம் ஆகியவற்றின் உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது. வணிகப் பொருள் உரிமைகளுக்காக 2003-இல் சோனியின் மீதே மார்வெல் வழக்குத் தொடுத்ததிலிருந்து அவர்கள் பணத்தை எங்கே தேடினார்கள் என்பது விளங்கும். அந்த ஆண்டின் ‘ஹல்க்’ படத்தைப் பார்த்துப் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மார்வெலின் நிகர லாபமோ 15 கோடி டாலர். படத்தின் தலையெழுத்தோடு தன் கணக்கைக் கட்டிக்கொள்ளாத ஏற்பாட்டுக்குக் கிடைத்த பலன் இது. அந்த ஏற்பாட்டின் வேர், பொம்மையும் நாயகனும் ஒரே கூரையின்கீழ் வந்த 1998-இல் இருக்கிறது.

அச்சுப் பக்கத்தையும் ஓரிரு வரியில் தாண்டிவிட மனமில்லை. 1998-இல் ‘மார்வெல் நைட்ஸ்’ வரிசையை ஜோ கெசாடாவும் ஜிம்மி பால்மியோட்டியும் வெளியிலிருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். 2000-இல் கெசாடா தலைமை ஆசிரியரானார், பில் ஜேமஸ் பதிப்புத் துறைக்குத் தலைவரானார். நாற்பது ஆண்டுக் கதைச் சுமை தெரியாத புது வாசகர் முதல் பக்கத்திலிருந்து நுழையும்படி ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடங்கினார்கள், பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைய. 2001-இல் காமிக்ஸ் தணிக்கை முத்திரையைக் கைவிட்டார்கள். தொடர் இதழ்களைத் தொகுத்துப் புத்தகமாக்கிப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். பல வண்ண அட்டைப் பித்து ஓய்ந்து, எழுத்தாளனைப் பார்த்து வாங்கும் பழக்கம் திரும்பியது. இதில் வந்த பணம் பொம்மையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட காமிக்ஸ், நல்ல ஆசிரியர் கையில் கொடுத்ததும் விற்றது. படிப்பவர் இல்லாததால் மார்வெல் விழுந்தது என்ற வாதத்துக்கு இது போதுமான பதில்.

இனி அயர்ன் மேன். 12 சதவீத வட்டிப் பத்திரங்களை மார்வெல் முழுதாக அடைத்தது 2004-இல். அத்தோடு மீட்சிக் கதை முடிந்தது. சொந்தப் படம் எடுக்கும் திட்டம் வந்தது 2005-இல். மார்வெல் நிர்வாகி டேவிட் மெய்சலின் யோசனையில் மெரில் லிஞ்ச் ஏற்பாடு செய்த கடன் 52 கோடியே 50 லட்சம் டாலர். கேப்டன் அமெரிக்கா, அவெஞ்சர்ஸ், பிளாக் பேந்தர் உட்பட பத்துத் தலைப்புகளின் பட உரிமை மட்டும் ஈடு. படங்கள் வரிசையாகத் தோற்றிருந்தாலும் போவது அந்தப் பட உரிமைகள்தான். கம்பெனி போகாது, ஸ்பைடர்மேன் போகாது, பொம்மை வருமானம் போகாது. 2006-இல் ஹாஸ்ப்ரோவுடன் போட்ட ஐந்தாண்டுப் பொம்மை ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகையே 20 கோடியே 50 லட்சம். இருந்ததையெல்லாம் பணயம் வைத்தார்கள் என்பது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முடிந்த அளவு எதையும் பணயம் வைக்காமல் சூதாடும் வழியை வக்கீல்களும் வங்கியாளர்களும் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட கடன், மூழ்கும் கம்பெனிக்குக் கிடைக்காது.

2008 மே மாதம் ‘அயர்ன் மேன்’ வந்தது, 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டு டிஸ்னி மார்வெலை 400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தப் படங்கள் மார்வெலைப் பெரிதாக்கின என்பதில் எனக்குச் சண்டையில்லை. பெரிதாக்கியதையும் காப்பாற்றியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் சண்டை. குழப்பினால் தொல்லை உண்டு. கடனில் தவிக்கும் பதிப்பாளர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கடன்காரர்களுடன் உட்கார்ந்து பேசுவதை விட்டு, ஒரே ஒரு பெரிய வெற்றியைத் தேடி இன்னொரு கடன் வாங்கப் போவார். பெரெல்மன் காலத்து மார்வெல் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

மார்வெல் பங்குகளைக் காட்டி எழுப்பிய அந்த 55 கோடியே 35 லட்சம் டாலர் குறித்துக் கடன் கொடுத்தவர்களின் சார்பில் பெரெல்மன் தரப்பின் மீது தொடரப்பட்ட வழக்கு, அவர்கள் 8 கோடி டாலர் கொடுக்கும் சமரசத்தில் முடிந்தது. அதுவும் 2008-இல்தான், ‘அயர்ன் மேன்’ வெளியாகி மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில்.